அவதூறு பேச்சுக்கு ஆளானால் எதை முதலில் செய்வது: வேலூர் வட்டாரத்தினருக்கு முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வழக்கறிஞரிடம் 18 வருடமாக குமாஸ்தாவாக இருக்கிறேன். "என்னைப் பத்தி தப்புத் தப்பா பேசிட்டாங்க" என்று வருகிறவர்களை உட்கார வைத்து விவரம் எழுதுவது என் வேலை. அவர்களில் பலருக்கும் கோபம் நியாயமானது, ஆனால் வந்த வழி தப்பு. முதல் நாள் போலீஸ் ஸ்டேஷன், இரண்டாம் நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பதிலடி, மூன்றாம் மாதம் ஊர்ப் பஞ்சாயத்து, பதிமூன்றாம் மாதம் வக்கீல். அதற்குள் எதிராளி சொன்ன வார்த்தை என்னவென்றே அவர்களுக்குச் சரியாக நினைவில் இருக்காது.

அதனால் இங்கே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதற்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஒருவரின் விவகாரம் இதில் அங்கங்கே வரும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வாங்குங்கள். தனித்தாளில் எழுதினால் தொலைந்துபோகும். பேச்சு போனில் வந்திருந்தால் அந்தப் போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ கூடாது. அந்தப் பேச்சு பொய் என்று காட்டும் காகிதம் எதுவோ அதை எடுத்து வையுங்கள்: பாஸ்புக், ரசீது, சம்பளச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு என்று விஷயத்தைப் பொறுத்தது.

அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு தேதியைப் பெரிதாக எழுதுங்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போட, பேசிய நாளிலிருந்து பொதுவாக 1 வருடம்தான் அவகாசம். குற்ற வழக்குக்கு 3 வருடம். பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தோம், திருவிழா முடியட்டும் என்று விட்டுவைத்தோம் என்றால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். குடியாத்தத்தில் வருடாவருடம் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியட்டும் என்று இரண்டு சிரசு தள்ளிப்போட்டு, சிவில் வழக்கு உரிமையையே இழந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

2. சொன்ன வார்த்தையை அன்று ராத்திரியே அப்படியே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அக்கா முதல் தடவை வந்தபோது குழுவின் கணக்கு நோட்டைக் கையில் வைத்திருந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி இருந்தது: "ரேஷன் கடையில் மானக்கேடாகப் பேசினார்." அதற்குமேல் எதுவும் இல்லை. அந்த வரியை வைத்து எந்த வழக்கும் போட முடியாது. மானக்கேடு என்பது அக்காவுக்கு ஏற்பட்ட வலி. எதிராளி வாயிலிருந்து வந்தது வேறு.

"அவங்க என்ன சொன்னாங்களோ அதையே சொல்லுங்கக்கா" என்றேன். "அதை எப்படி தம்பி என் வாயால சொல்றது" என்று தலையைக் குனிந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது: "குழுப் பணம் நாப்பதாயிரத்த வாயில போட்டுக்கினு ஊட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கினா பாரு, இவகிட்ட போய் சீட்டு கட்டுறீங்களே." இதுதான் வழக்கு. தொகை இருக்கிறது, செயல் இருக்கிறது, ஆள் யார் என்பது இருக்கிறது, கேட்கிறவர்களின் நம்பிக்கையைக் கெடுக்கும் பேச்சும் இருக்கிறது.

எழுதும்போது "ஊட்டுக்கு" என்றதை "வீட்டிற்கு" என்று திருத்தாதீர்கள். எதிராளி பேசிய பேச்சு எப்படியோ அப்படியே இருக்கட்டும். பின்னால் கூண்டில் ஏறும் சாட்சிகளும் அதே பேச்சைத்தான் சொல்வார்கள். உங்கள் தாளில் மேடைத் தமிழும் சாட்சி வாயில் ஊர்த் தமிழும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அங்கேதான் பிடிப்பார்.

வார்த்தைக்குக் கீழே நாள், மணி, இடம், யார் சொன்னது, அப்போது பக்கத்தில் யார் யார் என்று எழுதுங்கள். மணி சரியாகத் தெரியாவிட்டால் "மண்ணெண்ணெய் முடிந்து அரிசி போடத் தொடங்கிய நேரம்" என்று எழுதினாலும் போதும். ஊகித்து 10.35 என்று போடுவதைவிட அது நல்லது.

கூசும் வார்த்தையாக இருந்தால் வாயால் சொல்ல வேண்டாம், நீங்களே தனியாக உட்கார்ந்து எழுதி மடித்துக் கொடுங்கள். பெண்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் ஆபீசில் பெண் ஜூனியர் வழக்கறிஞர் அதை வாங்கிப் படிப்பார். வெட்கப்பட்டு வார்த்தையை மென்மையாக்கினால் வழக்கும் மென்மையாகிவிடும்.

3. அது அவதூறுதானா என்று பிரித்துப் பாருங்கள்

மனசு புண்பட்டதெல்லாம் சட்டப்படி அவதூறு ஆகாது. மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது ஒரு ஆள் காதில் விழுந்ததா? நீங்கள்தான் என்று கேட்டவருக்குப் புரிந்ததா? உங்கள் நடத்தை, தொழில், சாதி, கடன் நம்பிக்கை இவற்றில் ஏதாவது மற்றவர் பார்வையில் தாழ்ந்துபோகும்படியான செய்தி அதில் இருந்ததா?

யாருமில்லாத இடத்தில் உங்கள் முகத்துக்கு நேரே திட்டினால் அது அவமானம், அவதூறு இல்லை. சண்டையில் "போடி திருடி" என்பது பெரும்பாலும் வசை. "குழுப் பணத்தைத் திருடினாள்" என்பது குற்றச்சாட்டு. "குழுத் தலைவிங்களே இப்படித்தான்" என்றால் யாரைச் சொன்னது என்று காட்டவே முடியாது.

இப்போது சட்டம் 2023-ன் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் பேசியது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500. தண்டனை 2 வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இந்தக் குற்றப் பிரிவே கருத்துரிமைக்கு எதிரானது என்று தொடரப்பட்ட வழக்கில், சட்டம் செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே பிரிவில் பத்து விதிவிலக்கு உண்டு. இதைப் படிக்காமல் வழக்குப் போட்டுச் செலவழித்தவர்கள் நிறைய. அதில் இரண்டைக் கண்டிப்பாகப் பாருங்கள். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை குற்றமாகாது. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாரும் குற்றமாகாது. உங்கள் குழுக் கணக்கில் சந்தேகம் என்று ஒருவர் வங்கி மேலாளரிடமோ, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசிலோ மனு கொடுத்தால், அது அவர் உரிமை. அதே ஆள் அதையே ரேஷன் கடை வரிசையில் கத்தினால் கதை வேறு.

இங்கே ஒரு கடினமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் சொன்னதில் பாதி உண்மையா என்று உங்களை நீங்களே கேளுங்கள். அக்காவிடமும் கேட்டேன். "நாப்பதாயிரம் வங்கியில் கட்டத் தாமதமாச்சா?" "ஆமாம், பதினோரு நாள் தாமதம். ரசீது இருக்கு" என்றார். அந்தப் பதினோரு நாளை எங்களிடம் மறைத்திருந்தால், எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதை எடுத்து வைத்திருக்கும்.

பேச்சின் தன்மை வேறாக இருந்தால் சட்டமும் வேறு. சாதியைச் சொல்லி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரைப் பலர் பார்க்க இழிவுபடுத்தினால் அது 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பெண்ணின் மானத்துக்குக் குந்தகமாகப் பேசினால் நியாய சன்ஹிதாவின் 79. பொது இடத்தில் ஆபாச வசை என்றால் 296. இவற்றில் போலீஸே நேராக வழக்குப் பதியலாம். எல்லாவற்றையும் அவதூறு என்று எழுதிக் கொடுத்து, நேராகக் கிடைக்க வேண்டிய எஃப்.ஐ.ஆரைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

4. கேட்டவர்களை மறதி வருவதற்குள் பாருங்கள்

"ஊரே கேட்டுச்சு சார்" என்பார்கள். ஊர் வந்து கூண்டில் ஏறாது. பெயரும் முகவரியும் உள்ள இரண்டு பேர் போதும்.

சொந்தக்காரர் அல்லாத ஒருவர் அதில் இருப்பது நல்லது. உறவினர் சாட்சி செல்லாது என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் எடை குறையும். அக்காவுக்கு முதலில் கிடைத்தது நாத்தனாரும் தங்கையும்தான். பிறகு, வரிசையில் பின்னால் நின்ற தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி சாட்சி சொல்லச் சம்மதித்தார். எங்களுக்கு அவர்தான் பெரிய பலம்.

சாட்சிக்கு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். "நீங்க என்ன கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு நாற்பதாயிரம் என்ற தொகை நினைவில்லை, டைல்ஸ் நினைவிருந்தது. அதுவே இயல்பு. மூன்று சாட்சியும் ஒரே வரியை ஒப்பித்தால்தான் சந்தேகம் வரும். "அதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றும் கேளுங்கள். "அடுத்த மாசம் சீட்டுக் கட்டலாமா வேணாமான்னு யோசிச்சேன்" என்றார் பாட்டி. மதிப்புக்கு அடி விழுந்தது என்பதற்கு அந்த ஒரு பதில் போதும்.

நேரில் கேட்டவர்தான் சாட்சி. "அவ சொன்னான்னு இவ சொன்னா" என்பவர் அந்த முதல் பேச்சுக்குச் சாட்சியாக முடியாது. ஆனால் கேட்டதை வாங்கி இன்னொருவரிடம் பரப்பியவர், பரப்பியதற்குத் தனியாகப் பொறுப்பாவார்.

5. போனில் வந்ததை மூலத்தோடு காப்பாற்றுங்கள்

இப்போது திண்ணைப் பேச்சு ராத்திரிக்குள் வாய்ஸ் நோட்டாகிவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, கோபத்தில் குழுவை விட்டு வெளியேறி, சாட்டையும் அழித்துவிடுகிறார்கள். பெரிய தப்பு. குழுவிலேயே இருங்கள். வாய்ஸ் நோட்டை ஸ்டார் போட்டு வையுங்கள். குழுவில் மறையும் செய்தி அமைப்பு இருந்தால் அன்றே சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி இன்னொரு போனில் வீடியோவாகவும் எடுங்கள்.

காரணம், புதிய சாட்சியச் சட்டமான 2023-ன் பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63. மின்னணுப் பதிவின் நகலை மட்டும் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியைப் போன் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வரும். மூலப் போன் கையில் இருந்தால்தான் இதெல்லாம் சுலபம். பழைய சாட்சியச் சட்டத்தின் கீழேயே, நகல் மட்டும் கொடுக்கும்போது சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

"நான் ஃபார்வர்டுதானே பண்ணேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவை 2018-ல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், அதை நீக்கி மன்னிப்பும் கேட்ட பிறகும், அவர் மீதான வழக்குகளை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. குழு அட்மின் நிலை வேறு. பதிவில் பங்கில்லாமல் அட்மின் வேலை மட்டும் பார்த்தவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது 2021-ல் மதுரைக் கிளையின் பார்வை. அதனால் அட்மினையும் சேர்த்து இழுத்து வழக்கைப் பெருக்காதீர்கள். அவர் பின்னால் உங்களுக்குச் சாட்சியாகலாம்.

6. பதில் பேசாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி இது. உங்களைப் பற்றி ஒருத்தி தெருவில் கத்தும்போது சும்மா இருப்பது எவ்வளவு பாரம் என்று தெரியும். இருந்தாலும் ஸ்டேட்டஸ் போடாதீர்கள், அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், அவர் குடும்பத்துப் பழங்கதையை எடுக்காதீர்கள். நீங்கள் ஒரு வரி தப்பாகப் பேசினால் அவர் கையிலும் ஒரு வழக்கு வந்துவிடும். அதன்பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும்.

பேசாமல் இருப்பதென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதில்லை. அக்கா குழுக் கூட்டத்தைக் கூட்டினார். பாஸ்புக், வங்கி ஸ்டேட்மெண்ட், கட்டிய ரசீது மூன்றையும் பாயில் விரித்து வைத்தார். தாமதமான பதினோரு நாளையும் அவரே சொன்னார். மற்ற உறுப்பினர்கள் பார்த்து, "கணக்குச் சரி" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எதிராளி பெயர் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஊருக்குள் பாதிப் பேச்சு அன்றே அடங்கியது. அந்தத் தீர்மானம் பிறகு கோர்ட்டில் ஆவணமும் ஆனது.

கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். செய்வதும் செய்யாததும் உங்கள் நம்பிக்கை. ஆனால் "சத்தியம் பண்ணலன்னா ஒத்துக்கிட்ட மாதிரி" என்ற பேச்சுக்கு இழுபடாதீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் பேசட்டும், நல்லதுதான். எழுதாத சமரசத்துக்கும், படிக்காத தாளில் கையெழுத்துக்கும் மட்டும் சம்மதிக்க வேண்டாம். ஊரை விட்டு ஒதுக்குவது, அபராதம் வசூலிப்பது என்று போனால் அது கட்டப் பஞ்சாயத்து. அதில் உங்கள் தரப்பு ஜெயித்தாலும் அடுத்த சிக்கல் உங்களுக்குத்தான்.

7. வக்கீல் நோட்டீஸ்

தனிநபர் அவதூறு வழக்குக்கு முன் நோட்டீஸ் விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இருந்தும் நான் அனுப்பச் சொல்வேன். பல விவகாரம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. எதிராளி கொடுக்கும் பதிலில் "ஆமாம், சொன்னேன், உண்மைதான்" என்று இருந்தால், சொன்னதை நிரூபிக்கும் பாரம் பாதி குறைந்தது.

நோட்டீஸில் சொன்ன வார்த்தை, நாள், இடம், அது ஏன் பொய், என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும், இவ்வளவு போதும். 15 நாள் கொடுப்பது வழக்கம். ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு என்று எழுதச் சொல்லிப் பலர் அடம்பிடிப்பார்கள். பீடி சுற்றும் குடும்பத்தின் மீது ஒரு கோடி கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள். நோட்டீஸ் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய காகிதம்.

ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். "வாங்க மறுத்தார்" என்று கவர் திரும்பி வந்தால் கிழித்துப் பார்க்காமல் அப்படியே வையுங்கள். பிரிக்காத கவர்தான் சாட்சி.

8. போலீஸ் ஸ்டேஷனில் எதை எதிர்பார்க்கலாம்

அவதூறு, போலீஸ் நேராகப் பதிய முடியாத குற்றம். ஜாமீனில் விடக்கூடியதும்கூட. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அவர்கள் விசாரணை செய்ய முடியாது. புகாரை வாங்கிக் குறித்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். இது தெரியாமல் "காசு வாங்கிட்டு கேஸ் எடுக்கல" என்று வெளியே வந்து பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசினால் அதுவே இன்னொரு அவதூறு.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஸ்டேஷன் ரசீது, கேட்டு வாங்குங்கள். உடனே புகார் செய்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம். மிரட்டலோ, மேலே சொன்ன மற்ற பிரிவுகளோ இருந்தால் அதைத் தனிப் பத்தியில் தெளிவாக எழுதுங்கள்.

இன்னமும் "ஐ.டி. ஆக்ட் 66ஏ போடுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவது பற்றிய அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே செல்லாது என்று தள்ளிவிட்டது.

9. குற்ற வழக்கா, சிவில் வழக்கா

பேசியவர் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், இனிப் பேசக்கூடாது என்பதுதான் நோக்கம் என்றால் குற்ற வழக்கு. கட்டணம் குறைவு. பேச்சால் பணம் போயிருக்கிறது என்றால் சிவில். இரண்டும் சேர்த்தும் போடலாம், ஆனால் இரண்டு கோர்ட்டுக்கும் அலைகிற தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவிலில் நஷ்டஈட்டுத் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். ஐந்து லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். 2017-க்கு முன் இது ஏழரை சதவீதமாக இருந்தது.

எழுத்தில் வந்தது, வாயால் சொன்னது என்ற வேறுபாடு குற்ற வழக்கில் இல்லை. சிவிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வாய்ப்பேச்சு என்றால் பொதுவாகக் குறிப்பிட்ட நஷ்டத்தைக் காட்டச் சொல்வார்கள். குற்றம் செய்தார் என்பது, தொழிலுக்கு லாயக்கில்லை என்பது, பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றியது ஆகியவற்றுக்கு அப்படிக் காட்ட வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1880-களிலேயே பார்வதி எதிர் மன்னார் வழக்கில் சொல்லிவிட்டது. இவள் முறையாகத் தாலி கட்டிய மனைவி இல்லை என்று ஏசப்பட்ட ஒரு பெண் தொடர்ந்த வழக்கு அது. நம் பக்கத்துப் பெண்கள் இன்றும் கேட்கிற ஏச்சுதான்.

ஆம்பூர் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்காரர் வந்தார். "செத்த கோழி போடுறான்" என்று பக்கத்துத் தெருவில் ஒருவர் பரப்பிய வாய்ஸ் நோட்டு. தினமும் எத்தனை படி அரிசி வடித்தார் என்று ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் பல மாதமாகக் குறித்து வைத்திருந்தார். அந்த வாரத்திலிருந்து எண்ணிக்கை சரிந்தது அதில் அப்படியே தெரிந்தது. நஷ்டத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. ஆனால் அவர் வேலூர் கோர்ட்டுக்கு வந்தது வீண் அலைச்சல். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். பேச்சு நடந்த ஸ்டேஷன் எல்லை எந்த மாஜிஸ்திரேட் கீழ் வருகிறதோ அங்கேதான் குற்ற வழக்கு. சிவிலில் பேச்சு நடந்த இடத்திலோ எதிராளி குடியிருக்கும் இடத்திலோ போடலாம். சென்னையில் வேலை பார்ப்பவர் வேலூரில் உங்களைப் பற்றிப் பரப்பினால், வழக்கு வேலூரிலேயே போடலாம்.

வக்கீல் வைக்கும் முன் யோசனை கேட்க வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

10. மாஜிஸ்திரேட் முன் தனிநபர் புகார்

பாதிக்கப்பட்டவரே புகார்தாரராக வேண்டும். அக்காவுக்குப் பதில் வீட்டுக்காரர் போட முடியாது. 18 வயதுக்குக் கீழ், மனநலம் குன்றியவர், நோயில் கிடப்பவர் போன்றவர்களுக்கு மட்டும் கோர்ட் அனுமதியோடு வேறொருவர் போடலாம்.

மனுவில் நீங்கள் நோட்டில் எழுதிய அதே வார்த்தை, சாட்சிகள் பட்டியல், ஆவணங்கள் வரும். அதன்பிறகு மாஜிஸ்திரேட் உங்களைச் சத்தியப்பிரமாணத்தின் மேல் விசாரித்து வாக்குமூலம் எழுதுவார். அங்கே அழுகை வரும், பரவாயில்லை. முன்கதையை 2009-லிருந்து ஆரம்பிக்காதீர்கள். அன்று ரேஷன் கடையில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

குற்ற வழக்குகளுக்கான புதிய நடைமுறைச் சட்டத்தில் (2023-ன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) ஒரு மாற்றம் இருக்கிறது. வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிராளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதனால் கோர்ட் அனுப்பும் முதல் நோட்டீஸிலேயே வழக்கு ஏற்கப்பட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். கோர்ட் புகாரைத் தள்ளவும் செய்யலாம்.

வழக்கு ஏற்கப்பட்ட பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். இது சம்மன் வழக்கு. புகார்தாரர் வராமல், 30 நாள் அவகாசம் கொடுத்த பிறகும் வராவிட்டால் எதிராளியை விடுதலை செய்துவிடலாம். வர முடியாத நாளில் வக்கீலிடம் முன்கூட்டியே சொன்னால் மனுப் போடுவார். குடியாத்தத்திலிருந்து பஸ் தாமதம் என்று கோர்ட் முடிந்த பிறகு வந்து நின்ற ஒருவரின் வழக்கு, இந்த அவகாசம் இல்லாத பழைய சட்டத்தின் காலத்தில், அப்படித்தான் போனது. இரண்டு வருட உழைப்பு அது.

11. மன்னிப்பு வந்தால் எப்படி வாங்குவது

அவதூறு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் எந்தக் கட்டத்திலும் முடிக்கலாம். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். முடித்தால் எதிராளி விடுதலை ஆனதாகவே பொருள். அதே பேச்சுக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. எனவே மன்னிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

"யார் மனசாவது புண்பட்டிருந்தா வருத்தப்படுறேன்" என்பது மன்னிப்பு இல்லை. நான் இப்படிச் சொன்னேன், அது பொய், இனிச் சொல்ல மாட்டேன் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பேச்சு விழுந்த இடத்திலேயே அது படிக்கப்பட வேண்டும். ரேஷன் கடையில் கெட்ட பேரை கோர்ட் அறைக்குள் நாலு பேர் முன்னால் சரிசெய்ய முடியாது. வாட்ஸ்அப் குழுவில் என்றால் அதே குழுவில், அவர் குரலிலேயே.

அக்காவின் எதிராளி நான்காவது வாய்தாவில் இறங்கி வந்தார். பணம் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அரிசி போடும் நாளில், வரிசை முழுக்க ஆள் நிற்கும்போது, அந்த அம்மா தாளைப் பிரித்துப் படித்தார். "குழுப் பணம் நாப்பதாயிரத்த எடுத்துக்கினாங்கன்னு நான் சொன்னது பொய்." குரல் நடுங்கியது. பின்னால் நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பாட்டி, "சத்தமா படிம்மா, காது கேக்கல" என்றார். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். தாள் இப்போது குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது, கையெழுத்தோடு. அடுத்த வாய்தாவில் அக்கா நேரில் வந்து சமரச மனுவில் கையெழுத்துப் போட்டார். அந்த மனுவில் மன்னிப்புத் தாளின் நகலையும் இணைத்தோம், நீங்களும் இணையுங்கள். ஆறு மாதம் கழித்து "நான் எங்க மன்னிப்பு கேட்டேன்" என்று எதிராளி ஆரம்பித்தால், கோர்ட் கோப்பில் அது இருக்கும்.